‘மனசு வெச்சா விட்டுடலாம்!’

“கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டார்னா, மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டார் டாக்டர். அப்போ மட்டும் முடியுது, மத்த நாள்ல ஏன் முடியல? எல்லாம் திமிருதானே?”

குடிநோய் சிகிச்சைக்குக் கணவரை அழைத்துவரும் பெண்கள் அடிக்கடி சொல்வது இது. கேட்கிறவருக்கு மறுத்துப் பேச வாய் வராது. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் கணவர் நிற்பதைப் பார்த்த மனைவிக்கு வேறு எப்படித்தான் தோன்றும்?

ஆனால், அந்த விரத நாட்களில் அவருக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வேளைக் குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, கூடவே ஒரு குருசாமி, பொழுது சாய்ந்தால் பஜனை. நேற்றுவரை ‘டேய்’ என்று கூப்பிட்ட தெரு, இன்று ‘சாமி’ என்கிறது. பெற்ற பிள்ளை காலில் விழுகிறது. குடிக்கூட்டாளிகள் தாமாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். மாலை போட்டவரிடம் ‘ஒரு கட்டிங் போடேன்’ என்று எவரும் கேட்பதில்லை. மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. பழைய பெயர், பழைய சகவாசம், பழைய கடன் எல்லாம் வாசலில் வந்து நிற்கின்றன. 41 நாளும் அவரைத் தாங்கியதில் மனவுறுதிக்குப் பங்கு உண்டு. மரியாதைக்கும் துணைக்கும் அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். நல்ல சிகிச்சை மையமும் சுய உதவிக் குழுவும் அவருக்குக் கொடுக்கப் பார்ப்பது இதே துணையைத்தான். அங்கே மாலையைக் கழற்றும் தேதி மட்டும் கிடையாது.

‘மனசு வெச்சா விட்டுடலாம்’ என்பதை நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால், சில வீடுகளில் அந்த வார்த்தை ஆளையே கொன்றுவிடுகிறது.

வருடக்கணக்கில், தினமும், காலையிலேயே குடித்துப் பழகிய ஒருவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாளுக்குள்ளேயே கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், தூக்கம் வராது, வாந்தி வரும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையும் தாண்டி மூன்றாம் நாள், நான்காம் நாள் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். இல்லாத ஆளோடு பேசுவார். ‘போலீஸ் வந்துடுச்சு’ என்று எழுந்து ஓடுவார். மருத்துவர்கள் இதை டெலீரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது. ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு’ என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கோயிலில் சத்தியம் வாங்கி, கயிறு கட்டிவிட்டு, அறைக்குள் வைத்துப் பூட்டும் வீடுகளும் இருக்கின்றன. மருத்துவமனையில் இதற்கு வழி உண்டு. லோராசெபாம், குளோர்டயாசெபாக்சைடு போன்ற மாத்திரைகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, நடுக்கத்தையும் வலிப்பையும் கட்டுப்படுத்துவார்கள். வைட்டமின் பி1 ஆன தயமினை ஊசியாகப் போடுவார்கள். இங்கே இன்னொரு வீட்டுப் பேச்சையும் சொல்லியாக வேண்டும்: “ரொம்ப டயர்டா இருக்கார், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர்.” நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். அதனால்தான் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போடுபவரிடம் குடிப்பழக்கத்தை மறைக்கவே கூடாது.

மறைப்பதில் குடும்பமும் கூட்டாளியாகிவிடுகிறது. திங்கட்கிழமை காலை கணவர் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். மனைவி அலுவலகத்துக்குப் போன் போட்டு, “அவருக்கு காய்ச்சல் சார்” என்பார். கடன்காரர் வந்தால் மகன், “அப்பா ஊருக்குப் போயிருக்கார்” என்பான். மானத்தைக் காப்பாற்றச் சொல்லும் பொய்கள் இவை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், குடியால் வரும் விளைவு எதுவும் குடிப்பவரைத் தொடாமல் இந்தப் பொய்கள் அணை போட்டுவிடுகின்றன. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக்குழு 1951-லேயே அமெரிக்காவில் தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். குடிப்பவருக்கு மட்டுமல்ல, அவரோடு வாழ்பவருக்கும் பேசக் கற்றுக்கொள்ள ஓர் இடம் தேவைப்படுகிறது.

குடிப்பவரின் பேச்சுக்கு வருவோம். “நான் என் காசுலதான் குடிக்கிறேன்.” “உடம்பு வலிக்குத்தான்.” “பீர் மட்டும்தான்.” “நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்.” இவை பொய் என்று வீட்டார் கொதிக்கிறார்கள். சொல்பவருக்கோ அந்த நேரத்தில் அது உண்மையாகவே தோன்றும்; இந்த நோய் அப்படித்தான் பேசவைக்கும். எவ்வளவு குடிப்பீர்கள் என்று மருத்துவர் கேட்டால், ‘லைட்டா’ என்று பதில் வரும். அந்த ‘லைட்’ எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி; பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் அதில் சுமார் 43 சதவிகிதம் ஆல்கஹால். அதாவது ஒரு குவார்ட்டர் குடித்தால் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் உள்ளே போகிறது. கட்டிங் என்றால் அதில் பாதி. ‘பீர்தானே’ என்கிறார்களே, 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் 8 சதவிகிதம் ஆல்கஹால் இருந்தால் 40 கிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. ஒரு பீர் குடித்தவர் குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கைக் குடித்தவர்தான். 

மில்லியைவிடச் சில கேள்விகள் நிலைமையைத் தெளிவாகக் காட்டும். கேஜ் என்ற பெயரில் மருத்துவர்கள் கேட்கும் நான்கு கேள்விகள் இருக்கின்றன. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காக மனம் குத்துகிறதா? காலையில் கண் விழித்ததும், கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிப்பதுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றாலே மருத்துவரிடம் போக வேண்டும். நான்காவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் இன்றே போக வேண்டும்.

போகிறார்களா? எய்ம்ஸ் மருத்துவமனையின் ஆய்வை ஒன்றிய அரசு 2019-ல் வெளியிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோவொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது அது. மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மருத்துவமனைகள் போதவில்லை என்பது உண்மை. ஆனால், நம் பேச்சிலும் எழுத்திலும் இது ஒரு நோயாகவே வருவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

செய்தித் தலைப்புகளைப் பாருங்கள். கடைகள் மூடினால் ‘குடிமகன்கள் அவதி’. திறந்தால் ‘மதுப்பிரியர்கள் மகிழ்ச்சி’. அடிதடி என்றால் ‘போதை ஆசாமி’. சினிமாவில் குடித்துவிட்டுத் தள்ளாடுபவர் சிரிப்புக்கு, வீட்டில் தள்ளாடுபவர் திட்டுக்கு. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் 2003-ல் டாஸ்மாக் மூலமாக அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது; இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், குடித்து நோயில் விழுந்தவரைக் குறிக்க நம் பத்திரிகைகள் கேலியையும் ஏச்சையும்தான் கையாள்கின்றன. இதில் நாங்களும் அடக்கம்.

வார்த்தை மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜான் கெல்லி என்ற ஆய்வாளர் 2010-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மனநலத் துறையில் பணிபுரியும் 500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே நோயாளியின் கதை கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு அவர் ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்’. மீதிப் பேருக்கு ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’. மற்ற எதுவும் மாறவில்லை. முதல் பிரிவினர்தான் ‘தப்பு அவர்மீதுதான், தண்டனைதான் சரி’ என்ற பக்கம் அதிகமாகச் சாய்ந்தார்கள். இத்தனைக்கும் இதற்கென்றே படித்தவர்கள் அவர்கள். அப்படியிருக்க, ‘குடிகாரப் பய’ என்று பதிவுச் சீட்டு போடும் இடத்திலேயே காதில் விழுந்தால், அடுத்த முறை அந்த மனிதர் மருத்துவமனைப் படியேறுவாரா? குடிக்கும் பெண் என்றால், அவருக்கு நம் ஊரில் கிடைக்கும் பெயர்களை இங்கே அச்சிடவே முடியாது. அவர் படியேறுவதே அபூர்வம்.

குடிநோயாளி என்ற சொல் இப்போது மெல்லப் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. மதுவுக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் இதற்கென்றே ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இதை நோய் என்று சொன்னால் வீட்டுக்குள்ளேயே நம்பமாட்டார்கள். பிறகு டி.டி.கே. மருத்துவமனை என்று ஊரறிந்த இடமானது அது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

குடிநோயாளிகளின் சுய உதவிக் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் கூட்டங்களில் வேறு ஒரு காட்சி. பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று எழுந்து நின்று பேசுகிறார் ஒருவர். அவர் குடித்துப் பல வருடங்களாகியிருக்கும். ‘குடிநோயாளியாக இருந்தேன்’ என்று சொல்வதில்லை. ‘இனி வாழ்நாளில் தொடமாட்டேன்’ என்ற சபதமும் இல்லை. “இன்னைக்கு ஒரு நாள் குடிக்கல” என்கிறார். நாளைக்கும் அதையே சொல்வார். வீட்டில் தலையில் அடித்துச் சத்தியம் செய்து, மறுநாளே உடைத்து, அந்த அவமானம் தாங்காமல் மேலும் குடித்த மனிதருக்கு இந்தச் சின்னக் கணக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த அறையில் உட்கார்ந்தால் புரியும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் வந்தால் ஜாக்கிரதை என்று அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மதியச் சாப்பாட்டைத் தவறவிடாத பழைய குடிநோயாளிகள் பலர் இருக்கிறார்கள்.

சிகிச்சை மையத்திலிருந்து வீடு திரும்பியவருக்குத்தான் உண்மையான சோதனை. கல்யாண வீட்டு மொட்டைமாடியில் மச்சான் சொல்வார்: “மாப்ள, ஒண்ணே ஒண்ணு. கம்பெனிக்கு.” மறுத்துப் பேசுவதற்கே மையங்களில் ஒத்திகை கொடுக்கிறார்கள். “மாத்திரை சாப்பிடுறேன், ஒத்துக்காது” என்று சொல்லிவிட்டு நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் கையில் டம்ளர் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும், “எங்கே, ஊது பார்க்கலாம்” என்கிற மனைவியின் பயம் நியாயமானது. ஆனால், குடிக்காமல் வந்த நாளிலும் ஊதிக் காட்ட வேண்டியிருந்தால் அவருக்குள் ஏதோ ஒன்று நொறுங்குகிறது. “சாப்பிட்டியா, எங்கே போயிருந்தே?” என்று கேட்டாலே முகத்திலும் பேச்சிலும் தெரிந்துவிடும்.

மறுபடி குடித்துவிட்டால்? ‘அவ்வளவுதான், செலவு பண்ணினதெல்லாம் வீண்’ என்று தலையில் கை வைத்துவிடுகிறார்கள். சிகிச்சைக்குப் பின் மீண்டும் போதைப் பழக்கத்துக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவிகிதம் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் திரும்ப மோசமாகும் விகிதமும் ஏறக்குறைய இதேதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த கதையிலேயே ஒரு மறுகுடி இருக்கிறது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாப், சில வாரங்கள் குடிக்காமல் இருந்துவிட்டு, ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மீண்டும் குடித்தார். ஊர் திரும்பியதும் கடைசியாக அவர் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்று இயக்கத்தார் சொல்கிறார்கள். அந்த நாளைத்தான் இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

‘அவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்த’ என்று சுவரெங்கும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களை நம்பிவிடாதீர்கள். டைசல்பிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில், நோயாளியின் முழுச் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து அது. என்னவென்றே தெரியாத பொடியைக் குழம்பில் கலப்பது எப்படிச் சிகிச்சையாகும்? ஆளை அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்கிற ‘மறுவாழ்வு மைய’ங்களிடம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள்.

கஞ்சா, மாத்திரை, ஊசி என்று போன பிள்ளைகளைப் பெற்றவர்கள், ‘ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸ் ஆயிடும்’ என்று பயந்தே ஒளித்துவைக்கிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ன் 64-ஏ பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதை நோயாளி, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. வழக்கே இல்லாமல் சிகிச்சைக்கு வருபவர் பயப்பட இன்னும் குறைவான காரணமே இருக்கிறது.

14446 என்பது மத்திய அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண். அழைக்கும்போதோ மருத்துவரைப் பார்க்கும்போதோ, ‘கொஞ்சம் குடிப்பார்’ என்று சொல்லாமல், தினமும் எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள். இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்திருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.