விருது யாருக்கு? போலாரத்து ஆரூடச் சீட்டுகள்

கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டில் நம்பிக்கையில்லாதவர்களும் நம் போலாரத்தில் ஒரு சீட்டை மிகுந்த பயபக்தியோடு நிரப்புகிறார்கள். தை பிறந்ததும் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகங்களில் கிழித்த தாளில், அமெரிக்க நாட்டு ஆஸ்கார் விருதுக்கு எந்தெந்தப் படங்கள் பரிந்துரைக்கப்படும், அவற்றுள் எது வெல்லும் என்று எழுதி, நான்காக மடித்து, நம் வீட்டிலுள்ள பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நம் நாட்டின் தேசியத் திரைப்பட விருதுகளுக்கும் இவ்வாறே. பகலெல்லாம் இரயில்வேயில் ரசீதும் பதிவேடும் எழுதும் நாம், மாலையில் இந்த டப்பாவுக்குக் கணக்கராக இருந்து வருகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், கூட்டல் கழித்தலில் நம்மை எவரும் குறை சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர், எவனுக்கோ கல்யாணம், இங்கே எதற்கு மேளம் என்று கேட்பதுண்டு. கேட்பவர்களே தம் இளமையில் செய்ததை மறந்துவிட்டார்கள்! 1971ஆம் ஆண்டுப் படமான 'ரிக்ஷாக்கார'னுக்காக எம்.ஜி.ஆர். அவர்களுக்குச் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, சிகந்தராபாத்தில் குடியேறியிருந்த தமிழர் இல்லங்களில் அண்ணனும் தம்பியும் ஒரு வாரம் பேசாதிருந்த கதையை நம் தந்தையார் வாயால் பலமுறை கேட்டிருக்கிறோம். 1960இல் கெய்ரோ நகரத்து ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னுக்காகச் சிறந்த நடிகரெனப் பாராட்டப்பட்ட சிவாஜி கணேசன் அவர்களுக்கு, அந்தத் தேசிய விருது கடைசிவரை வாய்க்கவில்லை. 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதுதான் வந்தது. அந்த மனத்தாங்கல் இன்னும் சில வீடுகளில் தீர்ந்தபாடில்லை.

ஆஸ்கார் ஆசையும் நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு ஒரே ஒரு படத்தை அயல்நாட்டுப் படப் பிரிவுக்கு அனுப்பலாம். 1969இல் 'தெய்வமகன்' அனுப்பப்பட்டது. தமிழ்ப் படமொன்று சென்றது அதுவே முதன்முறை. பின்னர் 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்', 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்' எனப் பல சென்றன. ஒன்றேனும் இறுதி ஐந்தில் இடம் பெறவில்லை. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் 'மதர் இந்தியா', 'சலாம் பம்பாய்', 'லகான்' ஆகிய மூன்றே அந்தப் பிரிவில் இறுதிப் பட்டியலைக் கண்டன. ஏ. ஆர். ரஹ்மான் அவர்கள் 2009இல் இரண்டு ஆஸ்கார்களைக் கையிலேந்தினார் என்றாலும், அது இந்தியர் கதையை எடுத்த ஆங்கிலப் படத்துக்கு. இவையெல்லாம் தெரிந்திருந்தும் நாம் 2022இல் செய்த பிழையைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அந்த ஆண்டு ஜனவரியில், சிறந்த படத்துக்கான போட்டியில் கலந்துகொள்ளத் தகுதி பெற்ற 276 படங்களின் பட்டியலை ஆஸ்கார் கழகம் வெளியிட்டது. அதில் நம் 'ஜெய்பீம்' இருந்தது. த. செ. ஞானவேல் இயக்கிய அப்படத்தில் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோசும், இராசாக்கண்ணாக நடித்த மணிகண்டனும் பார்த்தோர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. வழக்கறிஞராக வந்த சூர்யாவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் படங்களுக்கு மதிப்பெண் வழங்கும் புகழ்பெற்ற தளமொன்றின் ஆசிரியை, இம்முறை வியப்பளிக்கப் போகும் பரிந்துரை 'ஜெய்பீம்'தான் என்று எழுதிவிட்டார். செய்தி நம் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது, படம் பாதி வென்றுவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர். நாமும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "276இல் ஒன்று என்றால் சாதாரணமா?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னோம்.

அது சாதாரணம்தான் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. விதிப்படி வெளியாகி, உரிய படிவத்தை உரிய நாளில் அனுப்பிய எந்தப் படமும் அப்பட்டியலில் ஏறிவிடும். தேர்வு எழுத அனுமதிச் சீட்டு கிடைத்ததை, தேர்வில் தேறியதாக எண்ணிய கதை. முந்திய ஆண்டு 366 படங்களின் பட்டியலில் 'சூரரைப் போற்று' இருந்ததும், பரிந்துரை ஏதும் பெறாமல் நின்றதும் நம் கண்முன் நடந்தவையே. அதைப் பார்த்தும் நமக்குப் புத்தி வரவில்லை.

நம் தெருக்கோடியில் கணவரை இழந்த அக்கா ஒருவர் வசிக்கிறார். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க்காரர். தையல் தைத்து மகனைப் படிக்க வைத்தவர். சீட்டுக்கு நூறு ரூபாய் என்பது டப்பாவின் விதி. அதற்கு வெளியே இளைஞர்கள் தமக்குள் தனிப் பந்தயம் கட்டியது நமக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தோம். அந்தப் பையன் தேர்வுக் கட்டணத்துக்கென வைத்திருந்த 3,000 ரூபாயை 'ஜெய்பீம்' மீது வைத்துவிட்டான். பிப்ரவரி 8ஆம் நாள் மாலை பரிந்துரைகள் அறிவிக்கப்பட்டன. பத்துப் படங்களின் பெயரையும் வாசித்து முடித்தார்கள். இந்தியாவிலிருந்து 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற ஆவணப்படம் வேறொரு பிரிவில் இடம் பெற்றிருந்தது, 'ஜெய்பீம்' எங்குமில்லை.

பந்தயம் சட்டத்துக்கே ஒவ்வாதது. அதிலும் அரசு ஊதியம் வாங்கும் நாம் அதற்கு நிழல் கொடுத்தது பெரும் பிழை. வென்றவர்களின் வீடுகளுக்கு நேரில் சென்று கேட்டதில் 1,000 ரூபாய் திரும்பியது. மீதியை நம் கையிலிருந்து சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம். அக்கா 1,000 ரூபாயை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மற்றதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டார். "காசு போனது போகட்டும், தம்பி. விவரம் தெரிந்தவர் நீங்கள் சொல்கிறீர்கள் என்றுதான் அவன் நம்பினான்" என்றார். மாதச் சீட்டைத் தள்ளி எடுத்து மகனுக்குக் கட்டணம் கட்டினாராம். அதன்பின் ஓராண்டுக் காலம் கடைத்தெருவில் எதிர்ப்பட்டாலும் அவர் நம்மோடு பேசவில்லை.

அந்த ஓராண்டில் நாம் படித்துத் தெரிந்துகொண்டவை சில. ஆஸ்காரில் வாக்களிப்போர் ஏறத்தாழப் பதினாயிரவர். நடிகரை நடிகரும், இசையமைப்பாளரை இசையமைப்பாளரும் பரிந்துரைக்க, வெற்றியாளரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களுள் பலரே நடிகர் சங்கம், இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம் ஆகியவற்றிலும் உறுப்பினர். அச்சங்கங்கள் ஆஸ்காருக்கு முன்பே தத்தம் விருதுகளை வழங்கிவிடுகின்றன. ஆகவே அந்நாட்டு ரசிகர்கள் அவற்றை வைத்துக் கணக்கிட்டுப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினாலும், அனுபவசாலி முகத்தைப் பார்த்தே விலையைச் சொல்லிவிடுவானல்லவா? அதுபோல. நம் தேசிய விருதுகளின் வழியோ வேறு. அரசு அமைக்கும் நடுவர் குழுவினர் சிலர் கூடிப் படங்களைப் பார்த்து, கதவடைத்துப் பேசி முடிவு செய்கின்றனர். ஆண்டுக்கு ஆண்டு குழுவும் மாறும். முன்கூட்டி முகம் பார்க்க வழியே இல்லை. ஆதலால் தேசிய விருதுக்கு ஆரூடம் சொல்லுபவன் தன் ஆசையைத்தான் சொல்லுகிறான் என்பது நம் துணிபு.

2023இல் டப்பாவுக்குப் புதிய விதிகள் வகுத்தோம். காசு கூடாது. வென்றவர்க்கு ஒரு தூக்கு அதிரசம். எந்தப் பெயரை எழுதினாலும் அதற்குக் காரணமும் எழுத வேண்டும். அவ்வாண்டு 31 சீட்டுகள் சேர்ந்தன; தெலுங்கர் வீட்டுச் சீட்டுகளே பாதிக்கு மேல். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் 'நாட்டு நாட்டு' பாடல் ஜனவரியில் கோல்டன் குளோப் விருதைப் பெற்று, 24ஆம் நாள் ஆஸ்கார் இறுதி ஐந்திலும் வந்துவிட்டது. இத்தனைக்கும் நம் நாட்டின் சார்பில் அந்தப் படம் அனுப்பப்படவில்லை. குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ'தான் அனுப்பப்பட்டது. இசையமைப்பாளர் கீரவாணியை, 'அழகன்' படத்துக்கு இசையமைத்த நம் மரகதமணி என்று நம்மவர்கள் உரிமை கொண்டாட, எங்கள் கீரவாணியை நீங்கள் எப்போது மரகதமணியாக்கினீர்கள் என்று தெலுங்கு நண்பர்கள் சிரித்தார்கள்.

மார்ச் 13, திங்கட்கிழமை காலை. அலுவலகம் புறப்படும் நேரமாகியும் எவரும் தொலைக்காட்சியை விட்டு எழவில்லை. பாட்டுக்கான அறிவிப்பு வருவதற்கு முன்பே, எவரும் எதிர்பாராத வகையில், ஆவணக் குறும்படப் பிரிவில் 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' வென்றதாகச் சொன்னார்கள். முதுமலைத் தெப்பக்காடு முகாமில், தாயைப் பிரிந்த ரகு என்னும் யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. படத்தில் அவர்கள் பேசுவது தமிழ். கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கியது. அந்தப் பிரிவில் இந்தியத் தயாரிப்பு ஒன்று வென்றது அதுவே முதன்முறை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தமிழ் பேசும் படம் ஆஸ்கார் வாங்குகிறது. தமிழராகிய நாம் அதன் பெயரைக்கூட நினைக்கவில்லை! சற்றுப் பொறுத்து 'நாட்டு நாட்டு'ம் வென்றது. கீரவாணியும் பாடலாசிரியர் சந்திரபோசும் மேடையேறினர். தெருவில் வெடி முழங்கியது. ஹைதராபாத்துப் பையன் ராகுல் சிப்லிகுஞ்ச், கால பைரவாவுடன் அந்த மேடையில் பாடியதைப் பற்றித்தான் அன்று முழுவதும் நிலையத்தில் பேச்சு.

மாலையில் டப்பாவைத் திறந்தோம். பாட்டு எல்லோருக்கும் சரி. குறும்பட வரிசையை அநேகர் வெற்றிடமாக விட்டிருந்தனர். ஒரே ஒரு சீட்டில், நடுங்கிய கையெழுத்தில், "யானைப் படம்" என்றிருந்தது. அதன் எதிரே காரணம்: "எனக்குத் தெப்பக்காடு தெரியும். தாயில்லாக் குட்டி பிழைப்பது கடினம். அதை வளர்த்தவளைப் பார்த்தால் எந்த ஊர்க்காரனும் அழுவான்." சீட்டை மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார் அக்கா. சங்கங்களின் விருதுகள், வாக்கெடுப்பு முறை என்று நாம் படித்த கணக்கில் இந்தக் காரணம் எங்குமில்லை.

அதிரசத் தூக்கை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, வெல்லப் பாகு சற்று முற்றிவிட்டது என்றார். ஓராண்டுக்குப் பின் அவர் நம்மிடம் பேசிய முதல் சொற்கள் அவை. அதிரசம் சுட்ட நம் இல்லாளிடம் இதுவரை அதை நாம் சொல்லவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோதுதான் தெருவுக்கே சோதனை வந்தது. 'புஷ்பா' படத்துக்காக அல்லு அர்ஜுன் சிறந்த நடிகரானார். தெலுங்கு நடிகர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. சிறந்த தமிழ்ப் படம் 'கடைசி விவசாயி' என்றதும், மறைந்த முதியவர் நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு என்றதும் நமக்கு நிறைவே. ஆனால் 'ஜெய்பீம்' பெயர் எந்தப் பிரிவிலும் இல்லை. 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' ஆகியவையும் இல்லை. ஒரு பக்கம் வெடி. மறுபக்கம் நம் இளைஞர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். இனிப்போடு வந்த தெலுங்கு நண்பர், சாத்திய கதவுகளுக்கு முன் தட்டை ஏந்தியவாறு நின்றார். நமக்கு வெட்கமாயிற்று. அவரை உள்ளே அழைத்தோம். "அண்ணா, ஜெய்பீமுக்கு ஒன்றாவது கொடுத்திருக்கலாம்; எங்கள் வீட்டிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம்" என்றார். தெலுங்கு நடிகர் நானியும் உடைந்த இதயப் படத்தோடு 'ஜெய்பீம்' என்று எழுதியிருந்ததை அவரே காட்டினார். அதைப் பையன்களிடம் கொண்டுபோய்க் காட்டியபின் இரண்டு கதவுகள் திறந்தன. மூன்றாவது மறுநாள்தான் திறந்தது.

மறு ஆண்டு 'கார்கி'க்காகச் சாய் பல்லவி என்று பெரும்பாலோர் எழுத, 'திருச்சிற்றம்பல'த்துக்காக நித்யா மேனனுக்கு வந்தது. தமிழ்ப் படத்துக்கே வந்தும் பாதித் தெரு மகிழவில்லை! 2025 ஆகஸ்டில் 'பார்க்கிங்' படத்துக்காக எம். எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருது வந்ததை இரண்டே சீட்டுகள் சரியாகச் சொல்லியிருந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இவருக்கு இன்னும் கொடுக்காமலிருந்தால் எப்படி? நாம் முன் சொன்ன துணிபு இங்கே சற்று ஆட்டங்கண்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த சீட்டுகளைப் பொங்கல் விழாவன்று சங்கக் கூடத்து வாயிலில் பெற்றுக்கொள்ளலாம். குடும்பத்துக்கு ஒன்று. காரணம் எழுதாத சீட்டுகள் கணக்கில் சேரா. அதிரசத்துக்குப் பாகு வைக்கும் பொறுப்பை இம்முறை தெருக்கோடி அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.