ஆட்டத்தை இயக்கியவர்



கால்பந்தாட்டம் காண்போரின் கண்கள் பெரும்பாலும் பந்தின் பின்னேயே ஓடும். கோல் போட்டவனைத் தோள்மீது தூக்கிக் கொண்டாடுகிறோம். கோல் விழாமல் தடுத்தவனையும் ஓரளவு பாராட்டுகிறோம். இவ்விருவருக்கும் இடையே நின்று, பந்து எப்பொழுது, எவரிடம், எவ்வழியே செல்ல வேண்டும் என்று முடிவு செய்பவனை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம். அவனே நடுக்கள ஆட்டக்காரன். அத்தகையோருள் தலைசிறந்த ஒருவரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஆந்த்ரேயா பிர்லோ.

வடஇத்தாலியில் பிரெஷா என்னும் நகரம் இருக்கிறது. அதன் அருகே ஃப்ளெரோ என்னும் சிற்றூரில் 1979 மே 19 அன்று பிர்லோ பிறந்தார். 1995இல், பதினாறு வயது நிரம்பிய சில நாட்களுக்குள்ளாகவே, பிரெஷா அணிக்காக நாட்டின் முதல்நிலைப் போட்டியில் களம் இறங்கினார். 1998இல் புகழ்பெற்ற இன்டர் மிலான் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. இனி ஏற்றம்தான் என்று எவரும் எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. அங்கே அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு ரெஜினா அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டார். திரும்பி வந்தும் நிலை மாறவில்லை. 2001 தொடக்கத்தில் தாம் வளர்ந்த பிரெஷா அணிக்கே மீண்டும் இரவலாகச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று.

அவரிடம் இருந்த குறைதான் என்ன? அவர் முன்னணி ஆட்டக்காரர்களுக்குச் சற்றுப் பின்னே நின்று ஆடி வந்தார். அவ்விடம் மிகவும் நெருக்கடியானது. முன்னே எதிரணியின் தடுப்பாளர்கள். பின்னே அவர்களுடைய நடுக்கள வீரர்கள். பந்து காலுக்கு வரும்போது முதுகு பெரும்பாலும் எதிரியின் கோலை நோக்கியே இருக்கும். திரும்புவதற்குள் ஒருவன் வந்து மோதிவிடுவான். அங்கே வெல்வதற்கு விரைந்த கால்களும் வலிய தோள்களும் வேண்டும். பிர்லோவிடம் அவை இரண்டும் குறைவு. அவருடைய செல்வம் கண்ணிலும் கருத்திலும் இருந்தது.

அவ்வமயம் பிரெஷாவின் பயிற்சியாளராக இருந்தவர் கார்லோ மாட்ஸோனே என்னும் முதியவர். அவருடைய அணியில் ரொபெர்த்தோ பாஜ்ஜோ என்னும் பெரும் ஆட்டக்காரர் இருந்தார். பிர்லோ நிற்க விரும்பிய இடம் பாஜ்ஜோவினுடையது. ஒரே இடத்தில் இருவரை நிறுத்த இயலாது. இளையவரைப் பலகையில் உட்கார வைப்பதே எளிய வழி. மாட்ஸோனே அதைச் செய்யவில்லை. பிர்லோவைப் பின்னுக்கு அழைத்து, தம் அணியின் தடுப்பாளர்களுக்குச் சற்று முன்னே நிறுத்தினார்.

இதன் பயனைச் சற்று எண்ணிப் பாருங்கள். பின்னே நிற்பவனுக்கு ஆடுகளம் முழுவதும் கண்முன்னே விரிகிறது. எதிரி அவனை அணுகுவதற்குச் சில அடிகள் கூடுதலாக ஓடிவர வேண்டும். அதனால் அவனுக்கு ஓரிரு நொடிகள் மிச்சமாகின்றன. அந்த நொடிகளில் சிந்திக்கத் தெரிந்தவனுக்கு ஓடவேண்டிய தேவை குறைவு. எந்த மனிதனும் பந்தைவிட விரைவாக ஓட முடியாது அல்லவா? 2001 ஏப்ரலில் யுவென்டஸ் அணியை எதிர்த்து ஆடியபோது, பிர்லோ நடுக்களத்திலிருந்து ஒரு நெடும்பந்தை உயர அனுப்பினார். தடுப்பாளர்களின் தலைகளைக் கடந்து அது பாஜ்ஜோவின் காலடியில் இறங்கியது. பாஜ்ஜோ அதை அடக்கி, கோல்காப்பாளரைக் கடந்து கோலாக்கினார். எவருக்காக இடம் விட்டுக் கொடுத்தாரோ, அவருக்கே பிர்லோ பந்து கொடுத்தார்.

இப்படிப் பின்னே நின்று ஆட்டத்தை நடத்துபவனை இத்தாலியர் 'ரெஜிஸ்தா' என்பர். நாடகத்தையும் திரைப்படத்தையும் இயக்குபவருக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். பொருத்தமான சொல். இயக்குநர் மேடையில் தோன்றுவதில்லை. ஆனால் அவர் கருத்தின்படியே அனைவரும் அசைகின்றனர்.

அதே ஆண்டில் ஏ.சி. மிலான் கழகம் பிர்லோவை விலைகொடுத்து வாங்கியது. இன்டர் கழகமும் மிலான் கழகமும் ஒரே நகரத்துப் போட்டியாளர்கள். இரண்டுக்கும் சொந்த ஆடுகளமும் ஒன்றே. மிலானில் பயிற்சியாளராக வந்த கார்லோ ஆஞ்செலோத்தி, பிர்லோவுக்கு அப்பின்னிடத்தையே நிலையாக அளித்தார். மோதலுக்கும் ஓட்டத்திற்கும் அஞ்சாத கத்தூஸோ என்பவரை அவருக்கு அருகில் நிறுத்தினார். ஒருவர் பந்தைப் பறித்துத் தருவார். மற்றவர் அதற்கு வழி காட்டுவார். ஒருவர் குறையை மற்றவர் நிறைவாக்குவதே அணி என்பதற்கு இவ்விருவரும் எடுத்துக்காட்டு. 2003இல் ஐரோப்பியச் சாம்பியன் பட்டமும், 2004இல் இத்தாலிய லீக் பட்டமும் மிலானுக்குக் கிட்டின.

நிற்க. வெற்றிகளை மட்டும் அடுக்கினால் ஒருவருடைய வாழ்க்கையைக் கூறியதாகாது. 2005 மே மாதம் இஸ்தான்புல் நகரில் ஐரோப்பிய இறுதிப் போட்டி. இடைவேளையில் மிலான் லிவர்பூலை மூன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் முந்தியிருந்தது. பின்னர் ஆறே நிமிடங்களுக்குள் லிவர்பூல் மூன்று கோல்களையும் ஈடு செய்தது. பெனால்ட்டி உதைகளால் முடிவு காண வேண்டியதாயிற்று. பிர்லோவின் உதையைக் கோல்காப்பாளர் தடுத்தார்; மிலான் தோற்றது. அத்தோல்விக்குப் பிறகு ஆட்டத்தையே விட்டுவிட எண்ணியதாகப் பிர்லோ தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அவர் விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. டார்ட்மண்டில் ஜெர்மனியுடன் அரையிறுதி. கூடுதல் நேரமும் முடியும் தறுவாய், 119ஆம் நிமிடம். பந்து பெனால்ட்டி எல்லையின் ஓரத்தில் பிர்லோவிடம் வந்தது. வேறொருவராயின் அக்களைப்பில் உடனே கோலை நோக்கி உதைத்திருப்பார். பிர்லோவோ பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு வலப்புறமாக நகர்ந்தார். தடுப்பாளர்கள் அவரை நோக்கித் திரண்டனர். அக்கணத்தில் அவர்களுக்கிடையே இருந்த சிறு இடைவெளி வழியாகப் பந்தைக் குரோஸ்ஸோவிடம் தள்ளினார், அது கோலாயிற்று.

ஜூலை 9 அன்று பெர்லினில் பிரான்சுடன் இறுதிப் போட்டி. பிர்லோ மூலையிலிருந்து அனுப்பிய பந்தை மாத்தெராட்ஸி தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன் செய்தார். அதன்பின் எவரும் கோல் போடவில்லை. மீண்டும் பெனால்ட்டி உதைகள்! இத்தாலிக்காக முதல் உதையை உதைக்கச் சென்றவர் யார் தெரியுமா? ஓராண்டுக்கு முன் இஸ்தான்புல்லில் தவறவிட்ட அதே பிர்லோதான். இம்முறை பந்து கோலுக்குள் சென்றது. இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. அவ்விறுதியாட்டத்தின் சிறந்த வீரராகப் பிர்லோவே தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுஆண்டு ஏதென்ஸ் நகரில் மிலான் அதே லிவர்பூலை வென்று மீண்டும் ஐரோப்பியச் சாம்பியனாயிற்று.

2011இல், காயங்கள் மிகுந்த ஒரு பருவத்தின் முடிவில், முப்பத்திரண்டு வயதான பிர்லோ மிலானை விட்டுப் பிரிந்தார். யுவென்டஸ் கழகம் மாற்றுத்தொகை ஏதுமின்றி அவரைப் பெற்றது. காலம் முடிந்தவர் என்று கருதப்பட்டவருடன் அக்கழகம் முதல் ஆண்டிலேயே 38 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் பட்டம் வென்றது. தொடர்ந்து மேலும் மூன்று ஆண்டுகள் வென்றது. 2012இல் கீவ் நகரில் இங்கிலாந்துடன் நடந்த ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியும் பெனால்ட்டி உதைகளுக்குச் சென்றது. இத்தாலி பின்தங்கியிருந்த வேளையில், கோல்காப்பாளர் ஒரு பக்கம் பாய, பிர்லோ பந்தை மெல்லத் தூக்கி நடுவிலேயே போட்டார். இங்கிலாந்தின் அடுத்த இரு உதைகளும் பயனற்றுப் போயின, இத்தாலி வென்றது. ஆயின் இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் நான்கு கோல்களில் தோற்றது.

நாட்டுக்காக 116 ஆட்டங்கள் ஆடிய பிர்லோ, நியூயார்க் நகர அணியில் ஆடிவிட்டு 2017இல் ஓய்வு பெற்றார். 2020இல் யுவென்டஸின் பயிற்சியாளரானார். இரு கோப்பைகள் கிடைத்தன. ஆனால் அக்கழகம் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வென்றிருந்த லீக் பட்டம் கைநழுவியது. ஓராண்டிலேயே பதவி போயிற்று. தான் காண்பது ஒரு கலை. பிறரைக் காணச் செய்வது வேறொரு கலை. ஆசிரியத் தொழிலில் இருந்தவன் ஆதலால், இரண்டாவது எவ்வளவு அரிது என்பதை நான் அறிவேன்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் பள்ளியின் கால்பந்து அணி என் பொறுப்பில் இருந்தது. ஒரு மாணவன் முன்னணியில் ஆடுவான். பந்தை அழகாகக் கொடுப்பான். ஆனால் ஓட்டம் போதாது. இரண்டு ஆட்டங்கள் பார்த்தேன், பெயரை நீக்கிவிட்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மாலை வேளைகளில் மைதானத்தின் பக்கமே வரவில்லை. 2006இல் தொலைக்காட்சியில் பிர்லோவின் ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோது அம்மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. அவனைச் சில அடிகள் பின்னே நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றாமல் போயிற்றே! அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகியிருப்பான் என்று நான் கூறவில்லை, ஆடிக்கொண்டாவது இருந்திருப்பான்.

மாணவர்களே! ஒரு துறையில் நீங்கள் பின்தங்க நேர்ந்தால், திறமை இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். நிற்கும் இடம் சரிதானா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களுள் சிலர் நாளை ஆசிரியர்களாவீர்கள். வகுப்பில் ஒருவன் தடுமாறக் கண்டால், பெயரை அடிப்பதற்கு முன் அவனைச் சற்று இடம் மாற்றி நிறுத்திப் பாருங்கள்.