கையெழுத்து என்னோடது, அக்கா!

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்தபோது கைப்பேசியில் ஒரு குரல்பதிவு. அடிக்கடி பாடல் கேட்கும் நேயர். அரசாங்க மருத்துவமனை ஒன்றில் தாதியாகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"அக்கா, ராத்திரி வேலை முடிஞ்சு ஒரு மணி நேரமா காரிலேயே உட்கார்ந்திருக்கேன். வீட்டுக்குப் போகவும் பிடிக்கல, திரும்ப இங்க வரவும் பிடிக்கல."

உடனே அழைத்தேன். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்க அரை மணி நேரம் தாமதமாகிவிட்டதாம். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனாலும் மூத்த தாதி ஒருவர் எல்லார் முன்னிலையிலும் ஏசிவிட்டார்.

"படிக்கும்போது பக்கத்துல யாராவது நிப்பாங்க, தப்புன்னா திருத்துவாங்க. இப்ப கையெழுத்து என்னோடது, அக்கா" என்றார்.

நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தடுமாறியவள்தான். தவறான பாடல் ஒலியேறினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். அவருக்கு அந்த வசதி இல்லை.

இது அவர் ஒருவரின் பலவீனம் அல்ல. படித்த தாதிமைக்கும் வார்டில் காணும் தாதிமைக்கும் உள்ள இடைவெளி புதியவர்களை உலுக்குவதை, அமெரிக்காவின் மர்லீன் கிரேமர் 1974இலேயே 'யதார்த்த அதிர்ச்சி' என்று பெயரிட்டுப் புத்தகமாக எழுதினார். 1984இல் பட்ரீசியா பென்னர், தாதியின் திறமை ஐந்து படிகளில் வளர்கிறது என்று விளக்கினார். நடுப்படியான 'தேர்ச்சி' நிலையை எட்டவே, ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் தேவை என்றார். நான்கு மாதத் தாதியிடம் பத்து ஆண்டு அனுபவத்தை எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?

நாம் செய்யக்கூடியது என்ன? இரவு வேலை முடித்து வந்த பிள்ளையை நண்பகலில் கல்யாண வீட்டுக்கு எழுப்பாதீர்கள். "அரசாங்க வேலை கிடைச்சதே பெரிசு" என்று வாயை அடைக்காதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போனால், தாமதத்திற்குக் கத்தும் முன் அந்த வார்டில் எத்தனை கட்டில்கள், எத்தனை தாதியர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தாதியரே, தூக்கம் கெட்டு, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடத்தால் அதை மறைக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல ஆதரவு எண் 15555. உங்களுக்கும் அது பொருந்தும்.

மறுவாரம் அவரிடமிருந்து குறுந்தகவல் வந்தது.

"இன்னிக்கு வேற ஒரு சீனியர் அக்கா மருந்து வண்டி பக்கத்துல வந்து நின்னாங்க. 'நானும் முதல் வருஷம் கழிவறையில அழுதவதான்'னு சொன்னாங்க. அவங்களுக்கு ஒரு பாட்டு போடுங்க, அக்கா."

போட்டேன்.