வெள்ளைச் சட்டையும் ஈர மண்ணும்

மாரி ஓய்ந்து தை வெயில் மெல்லத் தலைகாட்டும் காலம். வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றிலுள்ள முன்பள்ளியின் முற்றத்தில், வேப்பமர நிழலிலே, பிள்ளைகள் ஈர மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தனர். ஒருத்தி சிரட்டையில் மண்ணை அடைத்துக் கவிழ்த்துப் புட்டு அவித்தாள். ஒருவன் குரும்பட்டியும் ஈர்க்கும் கொண்டு தேர் செய்து இழுத்தான். இன்னொருவன் வாளித் தண்ணீரைத் தான் வெட்டிய வாய்க்காலில் ஊற்றி, அது மண்ணுக்குள் மறையும் விந்தையை வாய் திறந்தபடி பார்த்திருந்தான். ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறிய பின்னர், வாரத்தில் ஒரு நாள் கதை சொல்வதற்காக அங்கே செல்வது என் வழக்கம். அன்று என் கண்ணை ஈர்த்தது விளையாடிய பிள்ளைகளல்லர். விளையாடாத ஒரு பிள்ளை.

நான்கு வயதிருக்கும். நீலமிட்டுக் கஞ்சி போட்டு அழுத்திய வெள்ளைச் சட்டை அணிந்திருந்தாள். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கோத்துக்கொண்டு, மண்குவியலுக்கு ஒரு முழம் அப்பால் நின்றாள். காற்பெருவிரலால் மண்ணை மெல்லத் தொடுவதும், தொட்ட உடனே இழுத்துக்கொள்வதுமாக இருந்தாள்.

“நீயும் போய் விளையாடன், பிள்ளை” என்றேன்.

“சட்டை ஊத்தையாப் போகும். அம்மா ஏசுவா” என்றாள்.

நண்பகலில் தாய் வந்தாள். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். நாற்பதாண்டு காலம் பிறர்க்கு உபதேசம் செய்து பழகிய நாவல்லவா எனக்கு? மண்ணில் விளையாடுவது பிள்ளைகளுக்கு நல்லது என்றும், உடை அழுக்காகும் என்று அஞ்சி அவர்களைக் கட்டிவைக்கலாகாது என்றும் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“ஐயா, நீங்கள் சொல்லுறது சரிதான். உங்கட வீட்டுப் பிள்ளை மண்ணோட வந்தால், ‘விளையாடிப்போட்டு வருகுது’ என்று சொல்லுவினம். என்ர பிள்ளை மண்ணோட வந்தால், ‘குளிக்க வார்க்காத பிள்ளை’ என்று சொல்லுவினம்.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஒழுங்கை வழியே போய்விட்டாள். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அன்றிரவு நித்திரையும் வரவில்லை. அந்த இரவில் எழுந்த எண்ணங்களையும், அவற்றின் பின் நடந்தவற்றையுமே இங்கே எழுதுகிறேன்.

தமிழர்க்கு மண்விளையாட்டு புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிறுமியர் மணலிலே கட்டும் சிற்றிலுக்கென ஒரு பருவத்தையே வகுத்துவைத்தனர். மக்கட்பேற்றைச் சொல்ல வந்த வள்ளுவர், குழந்தையின் சிறுகை அளைந்த கூழை அமிழ்தத்தினும் மேலாக வைத்தார். புறநானூற்றின் 188ஆம் பாட்டிலே, சோற்றைக் கையாலும் வாயாலும் அளைந்து மேனியெங்கும் சிதறவிடும் குழந்தையைக் காண்கிறோம். அத்தகைய மக்கள் இல்லாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்பது அப்பாட்டின் கருத்து. இப்பாடல்களை எத்தனை ஆண்டுகள் வகுப்பிலே நயந்து நயந்து கற்பித்திருப்பேன்! ஆயினும் 188ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி, ஓர் அரசன், என்பதன் பொருள் அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. அரண்மனைப் பிள்ளை நெய்ச்சோற்றை மேனியிற் பூசினால் அது கவிதை. கூலிக்காரியின் பிள்ளை மண்ணை மேனியிற் பூசினால் அது ஊத்தை. அந்தத் தாய் சொன்னது இதைத்தானே?

தாகூரும் இதன் மறுபக்கத்தைப் பாடியிருக்கிறார். 1912ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த கீதாஞ்சலியின் எட்டாம் பாட்டு, அரச உடையும் மணியாரமும் பூட்டப்பெற்ற குழந்தையைப் பற்றியது. உடை கெடுமே என்ற அச்சத்தால் அக்குழந்தை உலகத்தை விட்டு விலகி நிற்கிறது. வேப்பமரத்தடியில் நான் கண்டதும் அதே நிலைதான். ஆனால் இங்கே குழந்தையைக் கட்டிப்போட்டது பட்டாடையன்று. வீட்டிலிருந்த ஒரேயொரு நல்ல வெள்ளைச் சட்டை.

வெள்ளைச் சட்டையை வெறும் பகட்டென்று சொல்ல நம் நாட்டில் எவர்க்கும் உரிமையில்லை. பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் நிலத்திலும் இருந்த காலத்தைப் பற்றி என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் சம ஆசனத்துக்காக நடந்த போராட்டத்தை வரலாறு அறியும். ‘மண்ணில் இரு’ என்ற சொல் ஒரு சாராருக்கு விளையாட்டுக்கு அழைப்பாகவும், மற்றொரு சாராருக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த அவமதிப்பாகவும் ஒலித்த மண் இது. அந்த அவமதிப்பைத் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு ஒவ்வொரு மாலையும் கழுவ முயலும் தாயிடம், ‘அழுக்கு நல்லது’ என்று சொல்வது எளிது. சொல்பவன் உடையை வேறொருவர் துவைக்கிறார் என்றால் இன்னும் எளிது.

ஆனால் பிள்ளைக்கு மண் வேண்டும் என்பதும் உண்மை. காய்ந்த மணல் விரலிடுக்கால் வழிந்துவிடும். ஈர மணல் பிடித்த வடிவில் நிற்கும். ஒடுங்கிய போத்தலின் தண்ணீர் அகன்ற சட்டியிற் குறைந்தது போலத் தோன்றும். திருப்பி ஊற்றினால் அதே அளவு நிற்கும். இவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க இயலாது. களிமண்ணைப் பிசையும் விரல்களே நாளை பென்சிலைப் பிடிக்கப்போகும் விரல்கள். முன்னாளில் நம் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தே மணலிலிருந்துதான் தொடங்கியது. 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற அன்றூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதன் வழியே இங்கிலாந்துப் பிள்ளைகளும் மணற்றட்டில் எழுத்துப் பழகினர். உலகுக்கு மணலைக் கொடுத்த நாமோ, இன்று நம் பிள்ளைகளைச் சப்பாத்தும் கழுத்துப்பட்டியும் அணிவித்து முன்பள்ளிக்கு அனுப்புகிறோம்.

பிள்ளைக்கு மண் வேண்டும். தாய்க்கு மானம் வேண்டும். இரண்டையும் எப்படிக் காப்பது? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1907ஆம் ஆண்டு தை மாதத்தில், உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றிலே மரியா மொன்ரிசோரி அம்மையார் தம் முதலாவது ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். நம் நாட்டுக்கும் 1944இல் வருகை தந்தவர் அவர். தெறிகளைப் பூட்டவும் நாடாக்களை முடியவும் பழகுவதற்கென்றே மரச்சட்டங்கள் செய்து கொடுத்து, பிள்ளை தன் உடையைத் தானே அணியக் கற்பித்த பேராசிரியை. ஆயினும் அந்த இல்லத்தின் விதிகளில் ஒன்று, பிள்ளைகள் உடலும் உடையும் தூய்மையாக, தகுந்த மேலங்கியோடு வரவேண்டும் என்றது. குளியாமலோ அழுக்குடையோடோ வரும் பிள்ளை விலக்கப்படும் என்றது மற்றொரு விதி. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட விதிகளே அவை. ஆனால் மேலங்கிக்குத் துணியில்லாத தாய் அவ்விதியை எப்படி வாசித்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இலண்டனின் தென்கிழக்கே டெப்ற்வேட் என்ற வறிய பகுதியில், 1914இல் திறந்தவெளிப் பாலர் பள்ளியை நிறுவிய மார்கிறெற், இறேச்சல் மக்மில்லன் சகோதரியர் வேறு வழியிற் சென்றனர். பிள்ளை எப்படி வந்தாலும் வரட்டும் என்றனர். குளிப்பாட்டுவதும் தூய மேலங்கி அணிவிப்பதும் பள்ளியின் வேலையாயிற்று. அவர்களுடைய தோட்டத்தில் மலர்ப்பாத்திகளோடு, கல்லும் கழிபொருளும் குவிந்த குவியலொன்றும் பிள்ளைகள் கிளறி விளையாடுவதற்கென்றே இருந்தது. 1919இல் மார்கிறெற் அம்மையார் எழுதிய ‘பாலர் பள்ளி’ என்ற நூல் இன்றும் கற்கப்படுகிறது. அவர்களிடமிருந்து நான் கற்றது ஒன்றே: விளையாட்டு உடையைத் தாயின் கடனாக்காதே, பள்ளியின் கடனாக்கு.

மறுவாரம் நான் முன்பள்ளிக்குச் சென்றபோது கையில் ஒரு பொதி இருந்தது. ஆசிரியனாயிருந்த காலத்தில் நான் அணிந்த வெள்ளைச் சேட்டுகள் பன்னிரண்டு. ஒரு துளி மையும் படாமல் அலுமாரியிற் காத்துவந்தவை. மற்றையவற்றை ஆசிரியைகள் தத்தம் வீடுகளிலிருந்து கொண்டுவந்தனர். அவர்களில் ஒருவர் தையல் வல்லவர். அவர் செய்த முறையை, விரும்புவோர் பின்பற்றுவதற்காக இங்கே தருகிறேன்.

பழைய பருத்திச் சேட்டு ஒன்றை எடுத்துக் கழுத்துப் பட்டையை வெட்டிவிட வேண்டும். முன்பின்னாகத் திருப்பி அணிவித்தால் தெறிகள் முதுகுப்புறம் வரும். மார்பும் வயிறும் முழுமையாக மூடப்படும். கைகளை முழங்கையளவில் வெட்டி, நெகிழ்ச்சியாக இலாஸ்ரிக் இடவேண்டும். இறுகினால் பிள்ளை கழற்றி எறிந்துவிடும். கீழ்விளிம்பு முழங்காலுக்கு மேலே நிற்கவேண்டும். நீண்டால் தடுக்கி விழும். கழுத்தில் நாடாவோ கயிறோ ஒருபோதும் வைக்கலாகாது. சறுக்குமரத்திலும் கிளையிலும் சிக்கிக் கழுத்தை இறுக்கும். பிரித்தானியாவில் சிறுவர் மேலாடைகளின் தலைமூடியிற் கயிறு கோத்து விற்பதை 1976ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்தனர். ஊசி குத்திப் பொருத்துவதும் ஆகாது. நைலோன் துணி வியர்வையை உறிஞ்சாது. நம் வெயிலுக்குப் பருத்தியே உகந்தது. சங்கிலி, காப்பு முதலியவற்றை வீட்டில் வைத்துவிட்டு வருதல் நலம். நகம் வெட்டியிருக்க வேண்டும். விளையாட்டு முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும். இரவில் பூனை நாய்கள் புகாதபடி மண்குவியலை மூடிவைக்கவேண்டும்.

துவைப்பதற்கும் முறையுண்டு. சேற்றுக்கறையை ஈரத்தோடு தேய்த்தால் அது நூலுக்குள் இறங்கும். காயவிட்டு உதறி, பின்னர் குளிர்நீரில் அலசவேண்டும். மஞ்சட்கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும். அஞ்சவேண்டா, வெயில் அதை மங்கச் செய்யும். வாழைக்கயர் மட்டும் போகாது. அதனாலென்ன? கறைபடுவதற்கென்றே பிறந்த உடை அல்லவா அது!

மேலங்கிகளை எவர் வீட்டுக்கும் அனுப்புவதில்லை என்பது எங்கள் முதல் விதி. வெள்ளிக்கிழமைகளில் கிணற்றடியிலே பெரிய பேசின்களில் நீர் நிரப்பி, பிள்ளைகளே ஆசிரியைகளோடு சேர்ந்து அலசுகிறார்கள். மண்விளையாட்டின் மிகுதி நீர்விளையாட்டாக முடிகிறது. பின்னர் எல்லாச் சட்டைகளும் ஒரே கொடியில் வரிசையாகத் தொங்குகின்றன. எது எவருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. எந்தச் சட்டையிலும் பெயர் எழுதலாகாது என்பது எங்கள் இரண்டாம் விதி.

நாங்கள் எதிர்பாராத நன்மையொன்றும் விளைந்தது. முதுகுப்புறத் தெறியைப் பிள்ளை தானே பூட்ட இயலாது. முதலில் இதனைக் குறையென்றே எண்ணினோம். ஆனால் ஆசிரியை, பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவரும் முன்னே நிற்பவரின் தெறியைப் பூட்டும்படி சொன்னார். சின்னஞ்சிறு விரல்கள் மற்றொரு பிள்ளையின் முதுகிலே தெறியோடு மல்லாடும் காட்சியைப் பார்க்கவேண்டும்! எவர் வீட்டுப் பிள்ளையின் முதுகை எவர் வீட்டுப் பிள்ளை தொடுகிறது என்று அங்கே கணக்கெடுப்பார் இல்லை. கணக்கெடுக்கத் தெரிந்த முதியவர்கள் இருவர் மூவர் வேலியோரம் நின்று பார்த்தனர். ஒன்றும் பேசாமற் போயினர்.

அந்தச் சிறுமிக்கு வாய்த்தது என் பழைய சேட்டுகளில் ஒன்று. முதல் நாள் மேலங்கியைப் போட்ட பின்பும் அவள் கைகள் முதுகுக்குப் பின்னேயே இருந்தன. இரண்டாம் நாள் சிரட்டையை எடுத்தாள். மூன்றாம் வாரம் நான் சென்றபோது, வாய்க்கால் வெட்டும் கூட்டத்துக்கு அவளே தலைவி. என் சேட்டின் மார்புப்புறம் முழுவதும் சேறு. நாற்பதாண்டுகளாக நான் காத்த வெண்மை ஒரு முற்பகலில் மறைந்தது.

நண்பகலில் தாய் வந்தாள். மேலங்கியைக் கழற்றியதும் உள்ளே வெள்ளைச் சட்டை போட்டபடியே இருந்தது. அதன் விளிம்பில் மட்டும் விரலளவு மண். தாய் குனிந்து அதைப் பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள். பின்னர்க் கையால் அந்த மண்ணைத் தட்டிவிட்டு, “இண்டைக்கு என்ன பிள்ளை சமைச்சனி?” என்று மகளைக் கேட்டபடி நடந்தாள். “புட்டு” என்ற விடை ஒழுங்கையின் திருப்பத்திலிருந்து கேட்டது.

இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்கள் அலுமாரிகளிலும் பழைய வெள்ளைச் சேட்டுகள் இருக்கும். அவற்றுக்கு இன்னும் ஒரு பணி மிஞ்சியிருக்கிறது.