சுண்ணாம்பில் எத்தனை அணு?

"போம்மா, உனக்கு இதெல்லாம் தெரியாது!" என்று நோட்டை வீசினான் ஒன்பதாவது படிக்கும் மகன். நீற்றிய சுண்ணாம்பில் 4 அணு என்று எழுதி, மறுபடியும் சிவப்பு மை. நானும் பத்தாவதோடு நின்றவள்தான். ஆனாலும் விடவில்லை.

சிஏ(ஓஎச்)2 என்பது அதன் வாய்பாடு. கடைசி 2-ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் கொடுத்துவிட்டான்! மாமனாரின் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்தேன். ஒரு வெற்றிலைக்குள் ஒரு பாக்கு. அப்படி இரண்டு மடித்து வைத்தேன்.

"ஏல, அடைப்புக்குறிதான் இந்த மடிப்பு. வெற்றிலை ஆக்சிஜன், பாக்கு ஹைட்ரஜன். பிரிச்சு எண்ணு."

இரண்டும் இவ்விரண்டு. சுண்ணாம்பு டப்பா கால்சியம் ஒன்று. ஆக 5.

பாபநாசத்தில் வயலுக்குப் பஞ்சமா? அடுத்து உரம்: அம்மோனியம் சல்பேட், (என்எச்4)2எஸ்ஓ4. உள்ளே இருக்கும் 4-ஐ வெளியே இருக்கும் 2-ஆல் பெருக்கி, அவனே எண்ணினான்: நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4. மொத்தம் 15!

அதற்குள் திண்ணையில் மாமனார் தட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.