பழி எஞ்சினுக்கு, பிழை எங்கே?

2015-இல் ஹோண்டாவுடன் சேர்ந்த மெக்லாரன் அணி, அந்த ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தில் 27 புள்ளிகளோடு ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. பழி முழுவதும் எஞ்சின்மேல் விழுந்தது. ஹோண்டா எஞ்சினுக்கு வலு போதவில்லை, அடிக்கடி பழுதும் ஆனது என்பதில் ஐயமில்லை. ஆனால் காரின் பின்பகுதி ஒடுங்கியிருக்க வேண்டும் என்று எஞ்சினுக்கு மிகக் குறுகலான இடத்தை ஒதுக்கியது மெக்லாரன்தான். 2018-இல் அணி ரெனோ எஞ்சினுக்கு மாறியபோது உண்மை வெளிப்பட்டது. அதே எஞ்சினுடன் ரெட் புல் அணி நான்கு பந்தயங்களை வென்றது. மெக்லாரன் ஒன்றில்கூட வெல்லவில்லை. காற்றை எதிர்கொள்ளும் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது. ஹோண்டா மீதான கோபம் அதை மூன்றாண்டுகள் மறைத்துவிட்டது.

பணமும் வசதியும்தான் வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்று சிலர் வாதிடலாம். வசதி முக்கியம்தான்; இங்கிலாந்தின் வோக்கிங்கில் இயங்கும் இந்த அணி, காற்றோட்டச் சோதனைக்குப் பல ஆண்டுகள் ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள டொயோட்டா கூடத்தை நம்பியிருந்தது. எனினும், 2023 ஆஸ்திரியப் பந்தயத்தில் கார் வேகம் பெற்றபோது சொந்தச் சோதனைக்கூடம் இன்னும் பயனுக்கு வரவில்லை. மாறாக, அணியின் பொறுப்பாளர் ஆண்ட்ரியா ஸ்டெல்லாவின் தலைமையில் தொழில்நுட்பப் பிரிவு அதற்குள் சீரமைக்கப்பட்டிருந்தது. 2024-இல் மெர்சிடிஸ் எஞ்சினுடன் மெக்லாரன் அணிப் பட்டத்தை வென்றது. அந்த எஞ்சினைத் தயாரித்த மெர்சிடிஸ் அணிக்கு நான்காம் இடமே கிடைத்தது. தன் பிழையைத் தானே தேடத் துணியும் அணிதான் மீள்கிறது.