பால் இறங்குது... சோறு இறங்கலே!
நாய்க்குட்டி நெஞ்சுக்குள் பிறவிச் சுருக்கு

காடாம்புலியூர்—
பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர் வட்டாரத்தில் முந்திரித் தோப்புக்கும் பலாத் தோப்புக்கும் நாய்தான் காவல். குட்டி வளர்ப்போர் இந்த நோயைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தாய்ப்பால் குடிக்கும்வரை குட்டி துள்ளி விளையாடும். சோறு வைத்ததும் வினை ஆரம்பம்! தின்ற சோறு செரிக்காமல் அப்படியே வெளியே வந்து விழும். கக்கியதையே மறுபடி தின்னும். பசி அடங்காது, உடம்பும் தேறாது.

"வயித்துல பூச்சி இருக்கும், மருந்து ஊத்து" என்பார் ஒருவர். "இது தேறாது, எங்கேயாவது விட்டுடு" என்பார் இன்னொருவர். ஆனால் கோளாறு வயிற்றில் இல்லை!

ரத்தக்குழாய் செய்யும் வேலை

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் இடப்பக்கம் வளைய வேண்டும். சில குட்டிகளுக்குக் கருவிலேயே அது வலப்பக்கம் வளைந்துவிடுகிறது. அதோடு சேர்ந்த ஒரு நார், உணவுக்குழாயைச் சுருக்குப் போல் இறுக்குகிறது. பால் நழுவி இறங்கும், சோறு சிக்கிக்கொள்ளும். சுருக்குக்கு முன்னால் குழாய் பலூனாக உப்பும். கக்கியது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். உயிருக்கே ஆபத்து! அல்சேஷன் இனத்தில் இது அதிகம். மற்ற நாய்களுக்கும் வரும்.

வழி உண்டு!

பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தால் குட்டு வெளிப்படும். ஆபரேஷன் செய்து நாரை அறுத்தால் சுருக்கு அவிழும். தாமதித்தால் உப்பிய குழாய் பழையபடி சுருங்காது.

அதுவரை சோற்றைக் கூழாகக் கரைத்து, குட்டியின் முன்னங்காலைத் தூக்கி நிறுத்தி ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் சிறிது நேரம் அப்படியே பிடித்திருக்க வேண்டும்.

புதுச்சேரியிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. குட்டியைத் தெருவில் விடுமுன் டாக்டரிடம் காட்டுங்கள்!